உடைத்தவரோடு ஒருவர்

என் தங்கை, வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் வேலை செய்கிறாள். ஒரு வீட்டுச் சாமான்களைப் பெட்டிகளில் கட்டி, லாரியில் ஏற்றி, இன்னொரு வீட்டில் இறக்கிப் பிரித்து வைத்துவிட்டு வருகிற வேலை. எங்கள் வீட்டில் அவள் கடைக்குட்டி. கம்பெனியிலோ அவளைவிட வயதில் மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். "எனக்கு மட்டும்தான் நீ தங்கச்சி, ஞாபகம் வெச்சுக்கோ" என்பேன். "அப்ப தங்கச்சிக்கு ஒரு காபி போட்டுக் குடு" என்று காலை நீட்டிக்கொள்வாள்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நிலைக்கண்ணாடியை மாடிப்படிக் கைப்பிடியில் இடித்துவிட்டாள். குறுக்கே ஒரு விரிசல். வேலை போயிற்று என்றே நினைத்து நின்றவளிடம், கீழே லாரியில் இருந்த டிரைவர் ஏறி வந்தார்.

"உடைச்சவங்கதான் போய்ச் சொல்லணும். ஆனா தனியா போகக் கூடாது. சம்பந்தமில்லாத ஒருத்தர் பக்கத்துல நிக்கணும். இங்க அதான் வழக்கம். வாம்மா."

அந்த வீட்டம்மா கத்தித் தீர்க்கும்வரை அவர் கையைக் கட்டிக்கொண்டு இவள் பக்கத்தில் நின்றார். திட்டில் பாதி அவருக்கும் விழுந்தது. கண்ணாடிக்குக் கம்பெனி பணம் கொடுத்தது. இவள் சம்பளத்தில் ஒரு காசு பிடிக்கவில்லை. அதன் பிறகு எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் இவள் போய் நின்றிருக்கிறாள். இந்த வழக்கத்தை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

கம்பெனி வளர்ந்து இரண்டாவது கிளை திறந்தபோது, அதற்கு இவளைத்தான் சூப்பர்வைசராகப் போட்டார்கள். துணைக்கு அதே டிரைவர். மற்ற ஆட்கள் எல்லாரும் புதிது. முன்பு வேலை செய்த இடங்களில், உடைத்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள், இல்லாவிட்டால் மறுநாள் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே அவர்கள் ஒரு கலை பழகியிருந்தார்கள். தட்டு உடைந்தால் சில்லுகளைச் சேர்த்து, முழுத்தட்டுக்குச் சுற்றுவதைவிட அழகாகக் காகிதம் சுற்றி, பெட்டியின் அடியில் வைத்துவிடுவார்கள். வீட்டுக்காரர் நாலைந்து நாள் கழித்துப் பெட்டியைப் பிரித்துவிட்டு ஆபீசுக்குப் போன் செய்து கத்துவார்.

புகார்கள் குவிந்ததும் தலைமை ஆபீசிலிருந்து ஒரு போர்டு வந்தது. 'உண்மை, நேர்மை, பொறுப்பு' என்று தங்க நிற எழுத்து. ஆட்கள் அதில் ஈர மழைக்கோட்டை மாட்டி உலர்த்தினார்கள். தங்கை தினமும் காலையில் எல்லாரையும் நிறுத்திவைத்து, பழைய இடத்து வழக்கத்தைச் சொல்லிப் பேசிப் பார்த்தாள். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வக்கீல் என்று பெயர் வாங்கிய ஒருவர் அங்கே இருந்தார். அவர்தான் பதில் சொன்னார்.

"அக்கா, நீங்க நல்லவங்க. நாங்களும் நல்லவங்கதான். முன்னாடி நான் இருந்த இடத்துலயும் போர்டு இருந்துச்சு. இதைவிடப் பெருசு. உடைச்சேன்னு சொன்னதும் அதுக்குக் கீழ நிக்க வெச்சுத்தான் என்னை வெளிய அனுப்பினாங்க."

இப்படியே போனால் கிளையை மூடிவிட வேண்டியதுதான் என்று ஆபீசில் பேச்சு வந்தது. மூடினால் இவள் பழைய இடத்துக்குத் திரும்பிவிடலாம். அந்த ஆட்கள் எல்லாரும் வேலை தேட வேண்டும். அந்த நாட்களில் ஒரு ராத்திரி என்னிடம் புலம்பினாள்.

"எனக்கு யாரும் பாடம் எடுக்கலக்கா. டிரைவர் அண்ணன் வந்து நின்னாரு, அவ்வளவுதான். இங்க ஒருத்தர்கூட உடைச்சேன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க. நான் யார் பக்கத்துல போய் நிக்கிறது?"

கிளையை வைப்பதா மூடுவதா என்று பார்க்க ஓனரே ஒருநாள் வந்தார். அன்று இரண்டு பேர் லீவு. சும்மா நிற்பானேன் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரும் சாமான் இறக்கினார். ஒரு காலத்தில் அவரே சுமந்தவர்தான். வீடு மாறியவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மீன் வளர்ப்பவர். மீன்களை இரண்டு வாளிகளில் தானே தூக்கி வந்து, உள்ளே அவற்றோடு பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலித் தொட்டி லாரியில் வந்தது. அதை ஓனர் தூக்கினார். லாரிக் கதவின் இரும்பு விளிம்பில் தொட்டியின் மூலை இடித்தது. அடிமூலையில் தலைமுடிபோல ஒரு விரிசல். சுற்றியிருந்த எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

ஓனர் தங்கையை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தண்ணி ஊத்தினாத்தான் தெரியும். நாளைக்கே புதுசு வாங்கி அனுப்பிடறேன். இப்ப எதுக்குக் கலாட்டா?"

"அனுப்புங்க சார். ஆனா முதல்ல உள்ள போய்ச் சொல்லிடுங்க."

"நான் ஓனர்மா."

"அதனாலதான் சார்."

இவ்வளவுதான் பேசியதாகத் தங்கை என்னிடம் சொன்னாள். டிரைவரை விசாரித்தபோது அதற்குமேல் ஒரு வாக்கியம் இருந்தது தெரிந்தது. "நீங்க போகலைன்னா இன்னிக்கே கிளையை மூடிடுங்க, சாவியை நானே கொண்டுவந்து குடுத்துடறேன்" என்றாளாம். தன்னைப் பற்றிப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள அவளுக்கு வராது. நான் டிரைவர் சொன்னதைத்தான் நம்புகிறேன்.

ஓனர் கைகளைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். துணைக்குப் போகத் தங்கை அடி எடுத்து வைத்தாள். அதற்குள் வக்கீல் தன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"நீங்க இருங்கக்கா. அவரைப் போகச் சொன்னதே நீங்கதான். சம்பந்தமில்லாத ஆள்தானே நிக்கணும்? நான் போறேன்."

கண்டக்டர் விஷயத்தைக் கேட்டதும் எழுந்துவிட்டார். "கூட்டத்துல எத்தனையோ பேர் பானையும் பாட்டிலுமா ஏறினாங்க. என் பஸ்ஸுல ஒண்ணு உடைஞ்சதில்ல! யாரு உடைச்சது, இந்த ஆளா?"

"இல்லைங்க, நான்தான். கம்பெனி என்னோடதுதான்."

"ஓனரா? அப்ப இவர் எதுக்கு நிக்கிறாரு?"

"துணைக்குங்க" என்றார் வக்கீல்.

"திட்டு வாங்கறதுக்குத் துணையா!" என்று கண்டக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாராம். அப்புறம் ஒருவருக்கும் குறை வைக்காமல் இருவரையும் சமமாகத் திட்டினாராம். பாத்திரம் அடுக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியைக் கழுவி மீன்களை அதில் விட்டார்கள். மறுநாள் புதுத் தொட்டியை ஓனரே தூக்கிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை மிகவும் மெதுவாக.

அதற்குப் பிறகு கிளையில் உடைகிற கணக்கு கூடிவிட்டது. ஆபீசிலிருந்து ஒரு அம்மா போன் செய்து, "அங்க சாமான் தூக்கறீங்களா, பந்து விளையாடறீங்களா?" என்று கேட்டார். "முன்னாடியும் இவ்வளவுதான் மேடம் உடைஞ்சுது. இப்பதான் நம்மகிட்ட சொல்றாங்க" என்றாள் தங்கை. எது அதிகம் உடைகிறது என்று தெரிந்ததால் கட்டும் முறையை மாற்றினார்கள். வீட்டுக்காரர்களின் புகார் போன்கள் குறைந்தன. கிளையை மூடும் பேச்சும் நின்றது.

போன வாரம் வக்கீல் கையிலிருந்து ஒரு மேசை விளக்கு நழுவிவிட்டது. அவர் நிமிர்வதற்குள் மூன்று பேர் வந்து பக்கத்தில் நின்றுவிட்டார்கள்.

"ஒருத்தர் போதும்யா, ஊர்வலமா போறோம்?" என்று அதிலும் வாதாடி, ஒருவரை மட்டும் கூட்டிக்கொண்டு உள்ளே போனாராம்.

லாரிப் பலகையில் உட்கார்ந்திருந்த என் தங்கை எழுந்திருக்க வேண்டிய தேவையே வரவில்லை. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்போடு ஒரு சின்ன ஏமாற்றமும் இருந்தது.