துரைசாணி நிமிராத நாள்

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது ஐந்து, துரைமார் வீட்டுப் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தது ஒன்பது. பெருமையாகத்தான் சொல்கிறேன். கையெழுத்துப் போடுவதற்கு மேல் எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, பேத்தி எழுதுகிறாள்.

பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்த காலம். மூத்தவள் மூன்று மாதக் குழந்தை. வேலைக்காரர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் அவளை விட்டுவிட்டு மலைக்குப் போனால் மத்தியானம் வரை பால் கிடையாது. அப்போது பங்களாவில் துரையின் மனைவி, துரைசாணிக்குப் பிள்ளை பிறந்து, இங்கிலீசு பேசும் ஆயா தேடினார்கள். மூன்று நாள் பார்த்துவிட்டுத்தான் வைப்பார்களாம். வேலை கிடைத்தால் என் பிள்ளையும் பின் விறாந்தையில் என்னோடு இருக்கலாம். இங்கிலீசு தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

பொய் இல்லை. வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் எங்களைத் துரை விரட்டும் இங்கிலீசைத் தினமும் கேட்டவள்தானே நான். முதல் நாள் தேநீரை வைத்துவிட்டு, துரைசாணி முன் விறைப்பாக நின்று, துரையின் குரலிலேயே, “கம் ஆன், கம் ஆன், டீ, லுக் ஷார்ப்” என்று அதட்டினேன். துரைசாணியின் கையிலிருந்த தையல் கீழே விழுந்தது.

குசினியில் சமைக்கும் கோக்கி அண்ணனுக்குச் சிரிப்புத் தாளவில்லை. “ஏம்புள்ள, தொரசாணியவே பெரட்டுல நிக்க வச்சிட்டியே. கூடையையும் மாட்டிவிட வேண்டியதுதான?”

வேலை போயிற்று என்றே நினைத்தேன். மறுநாள் பதுளையிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா விருந்துக்கு வந்தார். பங்களாப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் நின்று கேட்டேன். தேநீர் எதிரிலேயே இருக்கிறது, அப்படியும் வேண்டுமா என்று கேட்டுக்கொள்கிறார்கள். குரல் மெதுவாகத் தொடங்கி, முடிவில் மேலே ஏறுகிறது. கரண்டியை நகர்த்திக் கொடுத்தாலும் ஒரு நன்றி. நாங்கள் குடியிருந்த லயத்தில் யார் கரண்டிக்கு நன்றி சொன்னார்கள்? அன்று சாயந்திரம் முழுக்கத் துரைசாணியின் பிள்ளையைத் தாலாட்டியது அந்த இங்கிலீசில்தான். முதலில் ராகம் வந்தது, பிறகுதான் வார்த்தை.

மூன்றாம் நாள் துரைசாணி கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அருகில் போய், “உட் யூ லைக் யுவர் டீ நவ், மேடம்?” என்றேன்.

“யெஸ், தேங்க் யூ, ஆயா.”

பேனா ஓடிக்கொண்டே இருந்தது. அவர் நிமிரவே இல்லை. இன்னொரு வெள்ளைக்காரி கேட்டதுபோலவே அவர் காதில் விழுந்திருக்கிறது. குசினிக்கு ஓடினேன்.

“அண்ணே, ஏறிட்டுக்கூடப் பாக்கல.”

அதற்கா இந்தக் குதி குதிக்கிறாய் என்றார் அவர். அன்று சாயந்திரமே வேலை உறுதியாயிற்று. மறுநாள் காலையில் என் மகளைப் பிள்ளைக் காம்பராவில் விடவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கப் பங்களாவுக்கு நடந்தேன்.

எழுதிட்டியா தாயி? எங்க, மொதல்லருந்து மெதுவா படிச்சுக் காட்டு.