முத்துமீனா போட்ட கோடு

எங்கள் பாலிடெக்னிக் சிவில் வகுப்பில் முத்துமீனாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. பக்கத்து டிராயிங் போர்டு என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடவே கிடைக்கும். என் தாளில் ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு, "இஷ்ரத்து, அரை மில்லி கொறையுது. அழி" என்பாள். எனக்கு ஆத்திரமாக வரும். ஆனால் அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். முதல் செமஸ்டர் முழுக்கப் பென்சிலும், போர்டில் மாட்டிக் கோடு போடும் மினி டிராஃப்டரும்தான். தாளில் அளந்தால் வருவதுதான் உண்மை என்று அவள் நம்பினாள்.

இரண்டாவது செமஸ்டரில் கம்ப்யூட்டர் வந்தது. ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டாள். திருவாதவூரில் அவள் அப்பா மலையாண்டிக்கும் சித்தப்பா விருமாண்டிக்கும் பொதுவில் ஒரு நிலம் இருந்தது, ஒரு பக்கம் அகலம், மறு பக்கம் குறுகல். அதை எங்கே வெட்டினால் சரிபாதி என்று அண்ணன் தம்பி இருவரும் அவளையே கேட்டார்கள். கம்ப்யூட்டர் கணக்குப்படி கிழக்கே இருந்த கிணற்றிலிருந்து முப்பது மீட்டரில் கோடு விழுந்தது. கிணற்றுப் பக்கம் சித்தப்பாவுக்கு. போனில் அவரிடம் அதையே சொன்னாள்.

அப்பாவுக்கு ஒரு பிரிண்ட் கொடுத்தாள். அளவு எண்கள் படத்தை அசிங்கமாக்குகின்றன என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். "ஸ்கேல வச்சு அளந்துக்கங்கப்பா. ஒரு சென்டிமீட்டருக்கு ரெண்டு மீட்டரு."

மலையாண்டி அப்படியே அளந்து கல் நட்டார். மறுநாள் காலையில் விருமாண்டி டேப்பை இழுத்துப் பார்த்தார். நாலடி குறைந்தது.

"முப்பதுன்னுதானே புள்ள சொல்லுச்சு?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து கல்லைப் பிடுங்கப் பார்த்தார்.

"எம்மக போட்ட பேப்பரு பொய்யாடா?" என்று மலையாண்டி மண்வெட்டியை ஓங்கினார். கல்லைப் பிடித்திருந்த விருமாண்டியின் இடது கைப் பெருவிரல் துண்டாகி வரப்பில் விழுந்தது.

நாங்கள் லேபில் இருந்தபோது அவள் அம்மா போன் செய்தார். சித்தப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். அவருடைய மச்சினன்மார் அரிவாளோடு வயலுக்கு வந்துவிட்டார்கள். அப்பா கல்லை விட்டு நகர மாட்டேன் என்கிறார்.

முத்துமீனா பையிலிருந்த அதே படத்தின் இன்னொரு பிரிண்டை எடுத்து ஸ்கேலை வைத்தாள். பதினைந்து சென்டிமீட்டர் இருக்க வேண்டிய கோடு பதினாலு புள்ளி நாலுதான் இருந்தது. கடையில் பிரிண்ட் எடுத்தபோது ஓரம் வெட்டுப்படாமல் இருக்க, ‘ஃபிட் டு பேஜ்’ என்பதை அவளேதான் டிக் செய்திருந்தாள். தாளுக்குள் அடங்குவதற்காகப் படம் சுருங்கிவிட்டது.

"சொல்லாம இருந்துரு" என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. சொன்னால் அவள் அப்பா வெட்டியது முழு அநியாயம் என்றாகிவிடும். சொல்லாவிட்டால் அவர் கல்லை விட்டு நகர மாட்டார், அவரை வெட்டிப் போட்டுவிடுவார்கள்.

"வண்டிய எடு" என்றாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மலையாண்டி மண்வெட்டியோடு கல் பக்கத்தில் நின்றார். பத்தடி தள்ளிச் சித்தப்பாவின் மச்சினன்மார் இரண்டு பேரும் அரிவாளோடு நின்றார்கள். முத்துமீனா நடுவில் புகுந்து, டேப்பைக் கிணற்றிலிருந்து கல் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இருபத்தெட்டு புள்ளி எட்டு. சித்தப்பா சொன்னதுதாம்ப்பா சரி. தப்பு என்னோடது."

மண்வெட்டிக் காம்பு அவள் தோளில் விழுந்தது. பெற்ற மகள் என்றுகூடப் பார்க்கவில்லை மனுசன். மண்ணில் குப்புற விழுந்தவள் எழுந்து, கல்லைக் கட்டிப்பிடித்து ஆட்டினாள். இரண்டாவது அடி முதுகில் விழுந்தது. கல் பெயர்ந்தது.

"அடிக்காதய்யா, செத்துருவா!" என்று கத்தியது அரிவாளோடு வந்தவர்களில் ஒருவன். ஓடி வந்து மலையாண்டியின் கையைப் பிடித்ததும் அவன்தான். அரிவாள் கீழே கிடந்தது. அவள் கல்லை உருட்டிக்கொண்டு போய் முப்பதில் நிறுத்தினாள்.

மலையாண்டி ஜாமீனில் வெளியே வந்த பிறகு பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினார்கள். முத்துமீனா புதுசாக வரைந்த படத்தில் எல்லா அளவையும் எண்ணாகப் போட்டிருந்தாள். கீழே, ‘தாளில் அளக்கக் கூடாது, எண்ணைப் பார்க்கவும்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

பத்திர ஆபீஸில் கிளார்க் தலையை நிமிர்த்தாமல், "இடது கை பெருவெரல வைங்க" என்றார்.

விருமாண்டி கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "அது வரப்புல கெடக்கு சார்."

மலையாண்டி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முத்துமீனா திரும்பவில்லை. சித்தப்பாவின் வலது பெருவிரலைத் தன் கையில் பிடித்து, மையில் அழுத்தி, தான் போட்ட கோட்டுக்குக் கீழே வைத்தாள்.