ஒரு காது பாக்கி

ஏழு வயதாகியும் எனக்குக் காது குத்தவில்லை. கோபாலபுரத்தை அடுத்து, கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் ஊரில் தவழுகிற பிள்ளைகள்கூடத் தோடு போட்டுக்கொண்டு தவழ, நான் மட்டும் மூளிக்காதி. காரணம் என் தாய்மாமன். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். கைக்குழந்தையில் ஏதேதோ தடங்கலில் தள்ளிப்போயிற்று, இப்போதோ அவர் ஆளையே காணோம்.

மாமா சர்க்காரின் ஆயுதப் போலீஸில் சிப்பாய். மலைக்குள் ஒளிந்திருந்த புரட்சிக்காரர்களைப் பிடிக்கப் போனவர், அவர்களோடே சேர்ந்துவிட்டார். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அவரால்தான் பள்ளிக்கூடத்தில் என்னைக் கேலி செய்கிறார்கள், அப்போது தெரிந்தது அவ்வளவுதான். அவர்மேல் அப்படி ஒரு கோபம்.

ஒரு மழைநாளில் எங்கள் மாட்டுச்சாளையில் வந்து கிடந்தார். தாடியும் காய்ச்சலுமாகப் பார்க்கவே பாவமாக இருந்தது. இருபதைத் தாண்டி ஒன்றிரண்டு வயதுதான்.

"அவிய சொல்றது நாயந்தானுங்க்கா. ஆள வெட்டறதுதான் என்னால முடியல" என்று அம்மாவிடம் சொல்லி அழுதார்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவருடைய பழைய படையே முகாம் போட்டிருந்தது. பிடிபட்டவன் வீடு திரும்பமாட்டான் என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்த நேரம். இரவோடு இரவாக எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்கு அனுப்பிவிடலாம் என்றார் அப்பா. எத்தனை நாளைக்குத்தான் ஓடுவான் என்று கேட்டுவிட்டு, அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே ஏமானிடம் போனாள். போலீஸ் அதிகாரியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.

"ஏனுங்க ஏமானே, எந்தம்பி வந்துட்டானுங்க. நானே ஒப்படைக்கறனுங்க. இந்தப் புள்ளைக்கு அவன் மடியில வெச்சுக் காது குத்திக்கறோம், அது வரைக்கும் பொறுங்க. அவன அடிச்சுக் கொன்னுபோடாதீங்க. உங்க கால்ல உழுந்து கேக்கறனுங்க."

மலையாளத்து மனிதர், தலை நரைத்தவர். மாமாவுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தானாம். என் காதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நாளைக்கு ஞான் வரும்" என்றார்.

மறுநாள் வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். வேலிக்கு வெளியே மட்டும் துப்பாக்கிக்காரர்கள் நின்றார்கள். சவரம் செய்து சட்டை மாற்றியிருந்த மாமாவின் மடியில் நான் பெரிய மனுஷிபோல உட்கார்ந்தேன். ஆசாரி வலது காதில் குத்தியதுதான் தாமதம், ஊரே கேட்கும்படி அலறினேன்.

வேறு நாளாயிருந்தால் அம்மா தொடையில் கிள்ளி அடக்கியிருப்பாள். அன்றைக்கோ ஆசாரியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"போதுமுங்க. புள்ள பயந்துட்டா."

பிறகு ஏமான் பக்கம் திரும்பினாள். "இன்னொரு காது பாக்கி இருக்குதுங்க. அதுக்கும் அவன் மடிதான் வேணுமுங்க. அவன உசுரோட கொண்டாந்து உடோணுமுங்க."

ஏமான் எழுந்து வந்து என் இடது காதைத் தொட்டார். "கொண்டு வரும். ஞான் கொண்டு வரும்" என்றார். மாமாவைச் சாப்பிட வைத்துத்தான் கூட்டிப்போனார். விலங்கு போடவில்லை. தானாகவே வந்து சரணடைந்தவன் என்று மேலே எழுதி அனுப்பினாராம். மாமா தப்பிப் பிழைத்து ஜெயிலுக்குப் போனார்.

எனக்கோ அழுது ஜெயித்துவிட்ட பெருமை. அது ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஒற்றைத் தோட்டோடு பள்ளிக்கூடம் போனால் சும்மா விடுவார்களா? இதற்கு மூளியே தேவலை. இன்னொன்றையும் குத்திவிடச் சொல்லிக் கெஞ்சினேன், தரையில் உருண்டேன். அம்மா மசியவில்லை. தினமும் தலை பின்னும்போது அந்த வெறுங்காதை மட்டும் தடவுவாள். அழுக்குப் பார்க்கிறாள் என்று நினைத்துத் தலையைச் சிலுப்பிக்கொள்வேன்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது மாமா வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த ஏமான்தான் பஸ்ஸில் கூட்டிவந்தார். மறுபடியும் ஆசாரி, மறுபடியும் மாமா மடி. இந்த முறை என் கால் தரையைத் தொட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

ஆனால் அம்மா, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அப்படி அழுதாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"வலி எனக்கு. நீ எதுக்கும்மா அழுவுற?" என்றேன்.