வீட்டுக்கு வராத பேச்சு

செவ்வந்தி முத்தாண்டிக்குப்பத்தில் பிறந்தவள். அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் முந்திரித் தோப்பில் கூலிக்குப் போனவர்கள். மாப்பிள்ளைக்கு மைன்ஸில் வேலை என்று சொல்லித்தான் தனகோட்டிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அது கான்ட்ராக்ட் வேலை என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. கரண்டு எடுக்க நிலக்கரி போகிற கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை வாரிப் போட வேண்டும். அவளும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனாள்.

தனகோட்டி குடிக்க மாட்டான், கை ஓங்க மாட்டான். பேசவும் மாட்டான். ஷிஃப்ட் முடிந்து வந்தால் குளிப்பான், சாப்பிடுவான், டிவி முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவான். எது கேட்டாலும் ஒரு 'ம்'. அவன் சுபாவமே அப்படித்தான் என்று அவள் விட்டுவிட்டாள்.

மகள் இரண்டாம் வகுப்பு படித்தபோது ஒருநாள் காய்ச்சலில் சுருண்டு படுத்துவிட்டாள். தனகோட்டியின் போன் அணைந்து கிடந்தது. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஷிஃப்ட் விடும் நேரம் பார்த்து மைன்ஸ் ரோட்டு டீக்கடைக்கு ஓடினாள் செவ்வந்தி. அங்கே ஒரு கும்பல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது. நடுவில் முதுகு காட்டி நின்றவன் தன் புருஷன் என்று அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

"நம்ம சிங்காரவேலு லீவு கேக்கப் போயி பல்பு வாங்கிகினு வந்துருக்கான். ஊருக்கெல்லாம் கரண்டு குடுக்கறோம், பல்பு மட்டும் நாமளே வாங்கிக்கிறோம்" என்றான் தனகோட்டி. "கான்ட்ராக்டர் வேற, பர்மனென்ட் பர்மனென்ட்னு வருசா வருசம் காது குத்தறான். காதுல இனிமே எடம் இல்லடா, அடுத்த வருசம் மூக்குலதான்."

செவ்வந்திக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். காய்ச்சல்கூட ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று.

"டேய், அண்ணி நிக்கிறாங்க" என்றான் சிங்காரவேலு.

தனகோட்டி திரும்பினான். அவன் முகம் வீட்டில் இருக்கிற முகமாக மாறியது.

பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ட பிறகு, ஒருநாள் சோறு போடும்போது அவளே துணிந்து பேசிப் பார்த்தாள்.

"கறிக்கடக்காரன் எலும்பா அள்ளிப் போட்டு அல்வா குடுத்துட்டான்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "இதெல்லாம் நீ பேசாத. நல்லால்ல."

"அப்ப நீங்க பேசுங்க. அங்க அம்மாம் பேச்சு பேசறீங்களே."

"அவனுங்களுக்கும் எனக்கும் ஒரே கத. சொன்னா சிரிச்சிட்டுப் போயிடுவானுங்க. ஒன்கிட்ட சொன்னா, 'அப்ப பர்மனென்ட் ஆவவே ஆவாதா'ன்னு கேப்ப."

அவள் அதைத்தான் கேட்க வாயெடுத்திருந்தாள். குழம்பை ஊற்றிவிட்டு எழுந்து போனாள்.

மறு வருஷம் கான்ட்ராக்ட் வேறு ஆளிடம் போனது. புது ஆள் பாதிப் பேரை நிறுத்திவிட்டான். தனகோட்டியும் நின்றான், சிங்காரவேலுவும் நின்றான். முதலில் கூட்டாளிகள் வீட்டுப் பக்கம் வந்தார்கள். வாசலில் நின்றபடி எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று மட்டும் விசாரித்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் கலாய்க்கவில்லை. பிறகு சிங்காரவேலு லோடு ஆட்டோ ஓட்டப் போனான். மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

தனகோட்டி பல மாதம் வீட்டில் கிடந்தான். அவள் வேலைக்குப் போகும்போது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தானோ, திரும்பி வரும்போதும் அதே பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பான். கடைசியில் மெட்ராஸுக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பினான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும்.

"அங்கயாவது கூட்டாளிங்க இருக்காங்களா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"எல்லாம் இந்திக்காரனுங்க. நான் சொல்றது அவனுங்களுக்குப் புரியாது. கையக் கால ஆட்டித்தான் வேல நடக்குது."

"என்கிட்ட சொல்லுங்களேன், எதனாச்சும். நான் ஒண்ணும் கேக்க மாட்டன்."

அந்தப் பக்கம் கலவை மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

"பாப்பா சாப்டுச்சா?" என்றான்.

"சாப்டுச்சி."

"சரி, வச்சிடறன்."