அடி தடித்த மரக்கால்

ஆட்சி மாறி, பள்ளிச் சுவரில் புதுப் படம் ஏறியிருந்த சமயம். நான் நான்காம் வகுப்பு. கைத்தொழில் வகுப்பில் வாய்க்கால் களிமண்ணைக் கொடுத்து, பார்த்த பொருள் ஏதாவது செய்யுங்கள் என்றார் வாத்தியார். ஆண்டு விழாக் கண்காட்சியில் வைப்பாராம். மற்ற பிள்ளைகள் மாடும் சட்டியும் செய்தார்கள். எனக்கு அப்போதே கொஞ்சம் திமிர் உண்டு. களத்தில் அம்மாவுக்குக் கூலி நெல் அளந்து போடுகிற மரக்காலைச் செய்தேன்.

காயக் காய அதன் அடி வெடித்தது. திரும்பச் செய்தாலும் வெடித்தது. அழுதுகொண்டே வீட்டுக்கு எடுத்துப் போனேன். அப்பா பார்த்துவிட்டு, "அடிய நல்லா தடிமனா வையி, வெடிக்காது" என்றார். வைத்தேன். வெடிக்கவில்லை.

விழாவுக்குத் தலைமை எங்கள் ஊர் மிராசுதார். அப்பாவும் அம்மாவும் வேலை பார்த்தது அவர் வயலில். எங்கள் குடிசை நின்ற மனையும் அவருடையதுதான். அறுவடை நெருங்கியிருந்தது. கூலித் தகராறில் ஊர் இரண்டுபட்டு, நன்னிலத்திலிருந்து போலீஸ் வேன் வந்து போய்க்கொண்டிருந்தது. அவர் களத்து மரக்காலுக்கு அடிப்பலகை தடிமன், பார்க்கத்தான் பெரிசு, பிடிப்பது குறைவு என்பது ஆட்களின் புகார். இதெல்லாம் பெரியவர்கள் பேச்சு. என்னிடம் யார் வந்து சொல்லப்போகிறார்கள்?

மாடுகளையும் சட்டிகளையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்த மிராசுதார், என் மரக்காலைக் கையில் எடுத்தார். உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"இது யாரு செஞ்சது?"

"நாந்தாங்க. உங்க களத்து மரக்காலுங்க."

"அடிய ஏன் இவ்வளவு தடிமனா வச்சே? யாரு சொல்லிக்குடுத்தா?"

"அப்பாதாங்க."

வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. மிராசுதார் மரக்காலை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தார். என்ன தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. "அடுத்த தடவ மெல்லிசா செய்யறேன் சார்" என்று அழுதேன். "வாய மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ" என்றார் வாத்தியார்.

வீட்டில் அப்பா நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். அடிப்பார் என்று எட்டி நின்றே சொன்னேன். அடிக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அம்மா உலை வைத்ததையே மறந்துபோனாள்.

மறுநாள் காலை மிராசுதாரின் காரியக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"உம் பொண்ணுக்குக் கைவேலை நல்லா வருதாம்டா. ஐயா சொன்னாங்க."

அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். காரியக்காரர் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"கீத்தெல்லாம் காஞ்சு கெடக்கு. ஒரு பொறி பட்டாப் போதும். புள்ளகுட்டிக்காரன், பாத்து இருந்துக்க."

"சரிங்க" என்றார் அப்பா. அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

காரியக்காரர் தலை மறைந்ததும் அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினாள். அப்பா ஏணியில் ஏறிக் கூரை முழுக்கத் தண்ணீரை ஊற்றினார். மார்கழி மாதம், கீற்றில் பனி ஈரமே இன்னும் காயவில்லை. இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்தேன். எனக்கு நேற்றிருந்த பயம் போயே போய்விட்டது. என் கைவேலையை மிராசுதாரே மெச்சிவிட்டார், ஆள் விட்டுச் சொல்லியனுப்பியிருக்கிறார். அந்தச் சந்தோஷத்தில் சின்னச் சொம்பை எடுத்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நானும் ஓடினேன்.