கிராணியின் கதையையும் கேட்ட எங்கள் அக்கா

பதினாறு நாள்களாகியும் நடந்ததை மனம் ஏற்க மறுக்கிறது. குடியுரிமை மனுவோடு வந்த ஒரு பெண்மணிக்குத் துணையாகக் காலையில் நலமாகப் புறப்பட்ட எங்கள் அக்கா, பதிவு அலுவலக வரிசையில் நின்றபடியே சரிந்து விழுந்தார். நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது கை சில்லிட்டிருந்தது. வயது நாற்பதுகூட நிறையவில்லை.

அக்கா அலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதில் மணமாகி, அத்தானோடு ஐந்தே ஆண்டுகள் வாழ்ந்தார். ஜப்பான்காரன் காலத்தில் அத்தானைச் சயாம் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவேயில்லை. அதன்பின் அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு காஜா பேராங்குக்கு வந்து, துணி தைத்து என்னைப் படிக்க வைத்தார். தலைமுறைகளாக வீட்டிலும் மலாயே பேசும் பக்கத்துச் செட்டி வீட்டுப் பெண்களோடு பழகியே மலாய் கற்றுக்கொண்டார்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்தபின் அந்த மலாய் பலருக்கு உதவியது. மலாயில் குடியுரிமை மனு எழுத எங்கள் வீடு தேடி வருவார்கள். பிறந்த ஊர், வந்த கப்பல், வேலை பார்த்த தோட்டம் மட்டும் தெரிந்தால் போதும். வந்தவர்களோ வாழ்க்கை முழுவதையும் சொல்வார்கள். சுருக்கமாகக் கேட்கக் கூடாதா என்று நான் சலித்துக்கொண்டதுண்டு.

"எந்தக் கப்பல்ல வந்தீங்கன்னு கேட்டா, யாரை விட்டுட்டு வந்தாங்கன்னு சொல்றாங்க தம்பி. நடுவுல எப்படி நிறுத்துறது?" என்பார்.

அப்படித்தான் தோட்டக் கணக்கு எழுதிய முன்னாள் கிராணி ஒருவரும் வந்தார். ஜப்பான்காரனுக்காக, எங்கள் வட்டாரத் தோட்டங்களிலிருந்து சயாமுக்கு அனுப்ப வேண்டிய ஆள்களின் பட்டியலை எழுதியவர். நாங்கள் அதற்குமுன் அவரைப் பார்த்ததில்லை. பட்டியலில் தம் தம்பியின் பெயர் இருந்ததாகவும், அதை அடித்துவிட்டு முன்பின் தெரியாத ஒருவரின் பெயரை எழுதியதாகவும் சொன்னார். இத்தனை வருடமாகியும் மறக்க முடியவில்லை என்று அந்தப் பெயரையும் சொன்னார்.

அது அத்தானின் பெயர்.

எழுந்து அவர் சட்டையைப் பிடித்தேன். அக்கா என் கையை விலக்கினார்.

"அவரு என் வீட்டுக்காரர்," என்றார். மனுத் தாளைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு, "நீங்க சொல்லி முடிங்க."

அவர் அழுதுகொண்டே முடித்தார். காப்பாற்றிய தம்பியும் அதே வருடம் காய்ச்சலில் போய்விட்டாராம். மறுநாள் அக்கா அவரை அலுவலகத்துக்கு அழைத்துப் போய் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. எப்படி மன்னித்தீர்கள் என்று கேட்டேன்.

"மன்னிச்சேன்னு யாரு சொன்னா? அந்தப் பட்டியல்ல உன் பேரு இருந்திருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன் தம்பி? அதை நெனச்சாத்தான் பயமா இருக்கு."



அக்காவை வீடு கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கும், உஜோங் பாசிரிலிருந்து ஓடி வந்த உறவினர்களுக்கும், அடுப்பு எரியாத எங்கள் வீட்டுக்குச் சோறு அனுப்பிய செட்டி வீட்டாருக்கும் என் வணக்கங்கள். பாடை தூக்கும் நேரத்தில் அந்தக் கிராணியும் வந்து வெளியிலேயே நின்றார். விரட்டத்தான் போனேன். அவர் முகத்தைப் பார்த்தபின், "உள்ள வாங்க, தோள் குடுங்க," என்றுதான் வாயில் வந்தது. அவரை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. ஆனாலும் அக்காவைச் சுமந்ததற்கு அவருக்கும் நன்றி. இந்த நன்றி அறிவிப்பில் தம் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை.

— தம்பி