பியருக்குப் போர்த்திய கம்பளி

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எனக்குப் பள்ளிக்கூடம் ஒன்பதாம் வகுப்போடு சரி, பேனையை எடுத்தாலே கொட்டாவி வரும். அதோடு, இந்தக் கதையில் குற்றவாளி நான்.

சண்டை முடிந்த அடுத்த வருடக் குளிர்காலம். பாரிஸில், எங்கடை ஆக்கள் கூடும் லா சப்பலில், நாலாம் மாடியில் ஒரே அறையில் நானும் நண்பனும் இருந்தோம். அவன் வன்னியிலிருந்து வந்தவன். அகதி விசாரணைக்கு வியாழக்கிழமை வரச்சொல்லி அவனுக்குக் கடிதம் வந்திருந்தது. அங்கே காட்ட அவனிடம் இருந்ததில் பெறுமதியானது ஒன்றுதான்: முகாமிலிருந்து அம்மா மைப்பேனையால் எழுதிய கடிதம். எந்த முகாம், யார் இருக்கிறார்கள், யார் இல்லை, எல்லாம் அதில் இருந்தது.

நான் கோப்பை கழுவிய பாரின் முதலாளி தன் வீட்டிலேயே பியர் போடுகிறவர். ஒரு மூடி வாளி, மூடியில் காற்றுப் போகச் சின்னக் குழாய், பார்லிப் பாகு ஒரு டின், கொஞ்சம் ஈஸ்ட், கைப்புக்கும் மணத்துக்கும் ஹொப்ஸ் என்ற காய்ந்த பூ ஒரு பை, எல்லாம் தந்து செய்முறையும் சொன்னார். அவருடைய பிரெஞ்சில் பாதி எனக்கு விளங்கியது. மிச்சப் பாதியை நானே நிரப்பிக்கொண்டேன்.

"என்னடா மணம்? ஆட்டுக்குக் குழை வெட்டிப் போட்ட மாதிரிக் கிடக்கு," என்றான் நண்பன்.

"வெள்ளைக்காரற்றை தோசை மா, மச்சான்."

பகிடியாகத்தான் சொன்னேன். ஆனால் செய்ததும் அதையேதான். பாரிஸ் குளிரில் தோசை மா புளிக்காது. சட்டியைக் கம்பளியால் போர்த்து ஹீட்டரோடு ஒட்டி வைப்போம். வாளியையும் அப்படியே வைத்தேன். மாவுக்கு விடுவதுபோல மேலே நாலு விரல் இடம் விட்டேன். ஹொப்ஸைத் துணியில் கட்டாமல் அப்படியே கொட்டினேன்.

ஞாயிறு மத்தியானம் நண்பன் காகிதங்களைக் கட்டிலில் பரப்பி ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தான். கம்பளிக்குள் ஏதோ குமுறியது.

"உன்ரை மா கதைக்குதடா," என்றான்.

பொங்கிய நுரை பூத்தூளை அள்ளிக்கொண்டு போய்க் குழாயை அடைத்திருக்கிறது. மூடி வெடித்துக் கம்பளியோடு பறந்தது. பச்சை நுரை கூரையில் அடித்துக் கட்டிலில் கொட்டியது.

அவன் கடிதத்தை மட்டும் தூக்கிக்கொண்டு ஜன்னலடிக்குப் போனான். நான் மற்றக் காகிதங்களைத் துவாய்க்குள் வைத்து மெதுவாக அயர்ன் பண்ணினேன். கடிதத்தைத் தொட அவன் விடவில்லை. கடைசி வரி நீலக் கறையாகிப் போயிருந்தது.

விசாரணை முடிந்து வந்ததும் கேட்டேன். "என்னவாம்?"

"கறையைக் காட்டி, இதிலை என்ன எழுதியிருந்தது எண்டு கேட்டவை."

"நீ?"

"நேரத்துக்குச் சாப்பிடு மோனை எண்டு இருந்தது. பாடமெல்லோ எனக்கு."

நம்பினார்களா இல்லையா என்று ஐந்து மாதம் எங்களுக்குத் தெரியாது. அந்த ஐந்து மாதமும் தபால்பெட்டியை அவனுக்கு முதல் நான்தான் திறந்தேன். அவனுக்கு அது தெரியாது என்று நினைத்தேன். தெரிந்திருக்கிறது.

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னபோது தலையில் கை வைத்தார். பியர் புளிக்கும்போது தானே சூடாகுமாம், அதற்குப் போர்வை வேண்டாமாம்.

அவனுக்கு விசா கிடைத்த கிழமை இரண்டாம் தரம் போட்டேன். ஹொப்ஸைத் துணியில் கட்டி, பாதி வாளி மட்டும் நிரப்பி, ஹீட்டருக்கு எட்டாத மூலையில் வைத்தேன். குழாய்க்குப் பதிலாகத் தடித்த ரியூப் ஒன்றைப் போட்டு, அதன் மற்ற நுனியைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டேன். இரண்டு நாள் குமுறித் தானாக அடங்கியது. நண்பன் ஒரு கிளாஸ் முழுக்கக் குடித்தான். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தான்.

போன கிழமை அவனுக்கு மெசேஜ் போட்டேன்: "கடிதக் கதையை எழுதட்டோ மச்சான்?"

பதில் வந்தது: "எழுது, ஆனா ரெண்டாந்தரம் போட்ட பியர் வாயிலை வைக்கேலாமல் கைச்சதெண்டதையும் சேர்த்து எழுது."